வெல்டரின் வலது கை

எங்கள் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் விரிப்பும் சூட்டு உருளையிலிருந்து வெளியே வந்ததும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு. நானூறு தடவை எதிராளியின் முகம் ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டுப் போகும். அந்த நேரத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாத ஜோடி என்றால் அவர்களுக்குள் ஏதோ சண்டை என்று அர்த்தம்.

ஸ்தோத்திரக்கா தன் ஊழியத்தை அந்த ஒரு சாண் தூரத்தில்தான் செய்தாள். அவளுடைய சபைக்காரர்கள் தெருமுனையில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். இவள் விரிப்புக்கு ஒரு வாக்கியமாக இயேசப்பாவைப் பற்றிச் சொல்லி, சாப்பாட்டு மணிக்குள் ஒரு முழுக் கதையை முடித்துவிடுவாள். "மடிக்கப் போனவளை மடக்காம விடமாட்டா" என்று பாய்லர்காரர் கேலி செய்வார். சபைக்கு வரச்சொல்லி அவரையே அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். உருளையில் துணி செலுத்துகிற என்னை மூன்று தடவை. "பார்க்கலாம்க்கா" என்று ஒவ்வொரு தடவையும் நழுவினேன். அதற்காக அவள் முகம் சுளித்ததில்லை. மறுநாளும் தன் டப்பாவில் பாதியை என் மூடியில் வைப்பாள். நல்லது நடந்தாலும் ஸ்தோத்திரம், கையில் சூடு பட்டாலும் ஸ்தோத்திரம். பெயர் அப்படித்தான் வந்தது.

இப்படி எல்லாரையும் கேட்பதற்கு அவளிடம் காரணம் இருந்தது. அவள் புருஷன் லாரி ஓட்டினவர், முன்கோபி. தான் விசுவாசியான பிறகு பதினொரு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தும், நீங்களும் வாங்களேன் என்று ஒரு தடவைகூடக் கேட்கப் பயந்துவிட்டாள். ஒரு மழைநாளில் லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. "கேட்டிருந்தா என்ன, ரெண்டு அடி விழுந்திருக்கும். அதுக்குப் பயந்து மனுஷனை அங்க அனுப்பிட்டேனே" என்பாள். அங்கே என்றால் எங்கே என்று அவள் சொல்லவும் மாட்டாள், நாங்கள் கேட்கவும் மாட்டோம்.

அவளோடு ஜோடியாக மடித்தவள் வெல்டரின் மனைவி. அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல இருக்கும், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். நான் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

வெல்டர் அண்ணனைத் தெருவில் 'ஏன்காரர்' என்பார்கள். எதைச் சொன்னாலும் முதலில் ஏன் என்பார். இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் ஒட்டுகிற வேலை. கண் எப்போதும் சிவந்திருக்கும், குடித்திருக்கிறார் என்று புது ஆட்கள் நினைப்பார்கள். கடவுள் என்ற பேச்சே ஆகாது, எந்தக் கடவுளும். ஆனால் பிரசுரம் கொடுக்க வருகிறவர்களை விரட்டமாட்டார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார், பிரசுரத்தை வாங்கி முழுக்கப் படிப்பார். அடுத்த வாரம் ஓரமெல்லாம் பென்சிலால் கேள்வி எழுதித் திருப்பிக் கொடுப்பார். "உங்க ஆண்டவர்கிட்ட குடுத்துப் பதில் வாங்கிட்டு வாங்க, அவசரமில்ல" என்பார். ஸ்தோத்திரக்கா அப்படி ஒன்பது பிரசுரம் சேர்த்து வைத்திருந்தாள்.

செத்தால் தன் உடம்பு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். "என் தலைமாட்டுல ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது. படிக்கிற பிள்ளைங்க அறுத்துப் பார்த்துக் கத்துக்கட்டும். உயிரோட இருக்கிறப்ப ஒருத்தனும் என்கிட்ட கத்துக்கலை" என்று சிரிப்பார். அண்ணிக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வாள்.

அண்ணன் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அண்ணியின் தங்கை மகளுக்கு இரண்டு நாளில் கல்யாணம். சடங்கு நடக்கிற இடத்துக்கு வரமாட்டேன், சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன் என்றார் அண்ணன். ராத்திரி முழுக்கச் சண்டை. காலையில் அவர் கட்டிலில் உட்கார்ந்து, தலை கனமாக இருக்கிறது, கை மரத்துப்போகிறது என்று சொல்லியிருக்கிறார். "நாடகம் போடாதீங்க. கல்யாணத்துக்கு வராம இருக்கறதுக்கு இது ஒரு சாக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணி கதவை அறைந்து சாத்தினாள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டது. வாசலில் அவளைப் பார்த்து, என்ன அண்ணி காலையிலேயே என்று சிரித்துக்கொண்டே நானும்தான் அவளோடு ஷிப்டுக்குப் போனேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து பார்த்தபோது அடுப்படியில் குப்புறக் கிடந்தார். குழாய் திறந்தபடி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "காலையிலேயே கொண்டு வந்திருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியத்தை அண்ணி ஏழு மாதம் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

பேச்சு போய்விட்டது. வலது பக்கம் அடியோடு விழுந்துவிட்டது. கண் திறந்திருக்கும், ஆனால் நம்மைப் பார்க்கிறாரா கூரையைப் பார்க்கிறாரா என்று தெரியாது. அண்ணி காலை ஷிப்டுக்குப் போகும்போது என் மாமியார் போய் உட்காருவாள். சாயங்காலம் வேலை விட்டதும் ஸ்தோத்திரக்கா நேராக அங்கே வந்துவிடுவாள். வந்தால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே கட்டிலுக்குத்தான் போவாள். அவரைப் புரட்டிப் போடுவாள், பீத்துணி அலசுவாள், முதுகில் புண் வராமல் பவுடர் போட்டுத் துடைப்பாள், ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஒவ்வொரு வாயாக ஊட்டுவாள். கூடப்பிறந்தவள் செய்யமாட்டாள். அந்த வருஷம் மழை விடவே இல்லை. துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் ஈர நாற்றம். ஆஸ்பத்திரி விரிப்பையே சூடு போட்டுக் காயவைக்கிற நாங்கள், அவருடைய துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டோம்.

விரிப்பு மடிக்கும்போது ஒருநாள் அண்ணி சொன்னது எனக்குக் கேட்டது.

"அவர் என்னை மன்னிக்காமலே போயிருவார்க்கா."

முனை சேர்ந்து விலகியது. அடுத்த விரிப்பு வந்தது.

"கேட்டியா?"

"பேச்சே இல்லாதவர்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"கையைக் குடுத்துக் கேளு. மன்னிச்சிட்டா என் கையைப் பிடிங்கன்னு சொல்லு. எங்க சபையில ஒரு பெரியவர்கிட்ட அப்படித்தான் கேட்டோம். வாய் போனா என்ன, காது கேக்கும். கேக்காம மட்டும் விட்றாத கண்ணு. என்னைப் பார்த்தாவது புத்தி வரட்டும்."

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணி கேட்டாள். மறுநாள் ஷிப்டுக்கு வந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. "பிடிச்சார்" என்றாள் என்னிடம். "அந்த வலது கையாலயே பிடிச்சார். அசையவே அசையாதுன்னு சொன்னாங்களே, அந்தக் கை. விடவே இல்ல. நான்தான் விரலைப் பிரிச்சு எடுத்தேன்." ஸ்தோத்திரக்கா சலவைக்கூடத்தின் நடுவிலேயே இரண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம் சொன்னாள். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் சொல்வானேன். அதற்குப் பிறகு அண்ணி நேரத்துக்குச் சாப்பிட்டாள், தலை வாரினாள்.

பத்து நாள் கழித்து, கை கால் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேசிக்கொண்டே அண்ணனின் வலது உள்ளங்கையில் ஒரு சீப்பை வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. சீப்பை உருவினாள், இறுக்கிப் பிடித்தன. பிறகு கரண்டிக் காம்பு. பிறகு வெறும் துணி முனை.

"இது அவரா பிடிக்கிறது இல்லம்மா" என்றாள். "பிறந்த குழந்தை கையில விரலை வெச்சா பிடிச்சுக்கும் பாருங்க, அது மாதிரி. மூளையில அடிபட்டா திரும்பி வரும். எது பட்டாலும் பிடிக்கும். தேறிட்டு வர்றார்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க, அதுக்காகச் சொல்றேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் அந்தச் சீப்பை வாங்கி அலமாரியில் வைத்தாள். அந்தப் பெண் போன பிறகு, "சின்னப் பொண்ணு. நேத்துப் படிச்சுட்டு இன்னிக்கு வந்திருக்கா. அவளுக்கு என்ன தெரியும்" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது? அக்காவிடம் இருவருமே அதைச் சொல்லவில்லை.

ஐந்தாவது மாதம் ஸ்தோத்திரக்கா தன் கேள்வியைக் கேட்டாள். நான் அப்போது தண்ணீர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டிலோரம் மண்டி போட்டாள்.

"அண்ணே, நீங்க எழுதின கேள்வி எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு. எனக்குப் பதில் தெரியல, நான் படிக்காதவ. ஆனா இயேசப்பா உங்களை நேசிக்கிறார்னு மட்டும் தெரியும். அவரை உங்க ரட்சகரா ஏத்துக்கிறீங்களா? ஏத்துக்கிட்டா என் கையைப் பிடிங்கண்ணே."

அவள் இரண்டு விரலை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கை மூடியது.

அவள் அழுத அழுகையை நான் இன்னொரு தடவை எங்கேயும் பார்க்கவில்லை. பெரிதாகச் சத்தம் எதுவும் இல்லை. அவர் கையில் நெற்றியை வைத்து, "இந்தத் தடவை கேட்டேன் ஆண்டவரே, இந்தத் தடவை கேட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிப் பாலைக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் கலக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாய் இருந்தபோது முப்பது வருஷம் மாட்டேன் என்றவரிடம், வாய் போன பிறகு வந்து கேட்கலாமா? ஆனால் அவருடைய பீத்துணியை அலசினவள் அவள். ஒரு கேள்விகூடக் கேட்காத நாங்கள் எத்தனை தடவை அலசினோம்?

அதற்குப் பிறகு சபையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நல்ல மாதிரிதான். பாஸ்டர் வாரநாளில் தையல் மிஷின் பழுதுபார்க்கிறவர். விரலில் எண்ணெய்க் கறையோடு வந்து, மெல்லிய குரலில் ஜெபம் செய்வார். ஒழுகுகிற கூரையையும் அவர்களே ஏறி அடைத்தார்கள். ஏன்காரர் மனந்திரும்பிய சாட்சியை ஸ்தோத்திரக்கா சபையில் எழுந்து நின்று சொன்னாளாம். அண்ணி எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிலைச் சுற்றிப் பாட்டுப் பாடும்போது மட்டும் என் வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் போய்விட்டார். ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை, இரண்டு தடவை இருமினார், அவ்வளவுதான். அண்ணி வாயைத் துடைத்துவிட்டு, ஈரத்துணியைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

முதலில் வந்தவர் அண்ணனின் தம்பி, பிளம்பர். வந்தவுடன் அலமாரியைத் திறந்து காகிதத்தைப் படித்தார், கல்லூரிக்கு போன் செய்தார். மனைவி கையெழுத்து வேண்டும், சாயங்காலத்துக்குள் வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். அவர் போனை வைப்பதற்கும் சபை முடிந்து ஸ்தோத்திரக்காவும் பாஸ்டரும் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. இன்னும் நாலைந்து பேர் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்கள்.

அக்கா வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். பிறகு பாஸ்டரைப் பார்த்து, "அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ணிரலாம் ஐயா. இவர் நம்ம சபை ஆள்" என்றாள்.

பிளம்பர் திரும்பினார். "யாரு சபை ஆளு?"

"தம்பி, கோபப்படாதீங்க. அண்ணன் மனந்திரும்பிட்டார்."

"எங்க அண்ணனா? ஆயுசு பூரா என்ன சொன்னார்னு இந்தத் தெருவுல போற நாய்க்குக்கூடத் தெரியும். இதோ, அவர் கையெழுத்து. படிக்கத் தெரியுமில்ல?"

"அது அன்னிக்கு எழுதினது தம்பி. கடைசியில நான் கேட்டேன். ஏத்துக்கிட்டா பிடிங்கண்ணேன்னு சொன்னேன். பிடிச்சார். இவளும் பக்கத்துல இருந்தா." என்னைக் காட்டினாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். என் கோழைத்தனத்தை ஒத்துக்கொள்கிறேன்.

"வாதம் வந்த கைங்க அது!" என்று கத்தினார் பிளம்பர். "ஆஸ்பத்திரிப் பொண்ணு ஏதோ சொன்னான்னு அண்ணி ஒருநாள் போன்ல சொன்னாங்களே. எதை வெச்சாலும் பிடிக்கும்னு. அண்ணி, சொல்லுங்க. அப்படித்தானே?"

பாஸ்டர் கையை உயர்த்தினார். "சத்தம் வேண்டாம், இங்க ஒரு ஆத்துமா இப்பத்தான் போயிருக்கு. அம்மா சொல்லட்டும். அவங்க வேண்டாம்னா நாங்க வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போறோம்."

அண்ணி கட்டிலில், அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவர் மனந்திரும்பவில்லை என்று அவள் சொன்னால் அக்காவின் ஏழு மாத உழைப்பு என்ன ஆகும்? திரும்பினார் என்று சொன்னால் அண்ணன் முப்பது வருஷம் சொன்னது என்ன ஆகும்? நான் இந்த இரண்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருந்தது எனக்கு மறந்தே போனது. அவளுக்கு மறக்கவில்லை.

"அக்கா," என்றாள். "சீப்பை வெச்சாலும் பிடிக்கும்க்கா அந்தக் கை. கரண்டி வெச்சாலும் பிடிக்கும். எனக்கு அப்பவே தெரியும். நீங்க கேக்கறப்ப நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

"இல்ல கண்ணு. உனக்குத் துக்கத்துல…"

"சோதிச்சுப் பார்த்தேன்க்கா. நீங்க கேட்டுட்டுப் போன அன்னிக்கு, நீங்க போனதுக்கப்புறம். 'என்னை மன்னிக்கவே மாட்டீங்களா? மாட்டீங்கன்னா பிடிங்க'ன்னு கேட்டேன்." அவர் கால்மேல் விரிப்பை இழுத்து விட்டாள். "அதுக்கும் பிடிச்சார். முன்னைவிட இறுக்கமா."

  பிளம்பர் காகிதத்தைக் கீழே இறக்கிவிட்டார்.

"அப்ப முதல்ல உனக்கு…" என்றாள் ஸ்தோத்திரக்கா.

"அதுவும் இதே கைதானேக்கா. உங்களுக்கு ஆமான்னு சொன்னா எனக்கும் ஆமாதான். அதனாலதான் ரெண்டு மாசமா வாயை மூடிட்டு இருந்தேன். இன்னிக்கும் மூடிக்கிட்டா மண்ணுல போட்டுட்டு வந்துரலாம், எனக்கும் நிம்மதி. ஆனா இந்த மனுஷன் ஒரே ஒரு விஷயம்தான் என்கிட்ட வாய்விட்டுக் கேட்டார், அந்தக் காகிதத்துல இருக்கறது. அன்னிக்குத் தலை கனமா இருக்குன்னு சொன்னார், நாடகம்னேன். ரெண்டாவது தடவையும் அவர் சொன்னதைப் பொய்யாக்க என்னால முடியாது. பேனா குடுங்க தம்பி."

கையெழுத்துப் போட்டாள். பாஸ்டர் தலையைக் குனிந்து, வாய் திறக்காமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வெளியே போய்த் தன் ஆட்களை அனுப்பினார். அந்த மரியாதைக்காக அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். நாலரைக்கு வெள்ளை வண்டி வந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கினார்கள். கல்லூரி விரிப்பை அவர்மேல் போர்த்தி, பிளம்பர் ஒரு பக்கம் பிடிக்க, தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவில் நின்றவர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்டபடியே நடந்தது.

ஸ்தோத்திரக்கா மட்டும் போகவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை நனைந்திருந்தது. இரண்டு பேரை அவள் ஒரே நாளில் இழந்தாள் என்று எனக்குப் பட்டது. லாரிக்காரரை மறுபடியும் ஒரு தடவை. வெகுநேரம் கழித்து எழுந்து வாளியில் தண்ணீர் பிடித்து வந்தாள். கட்டில் விரிப்பை உருவினாள், மெத்தையைத் துடைத்தாள், கீழே கிடந்த ரொட்டித் துணுக்கைப் பொறுக்கினாள். அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். துடைத்துக்கொண்டே வந்தவள் அண்ணியின் காலருகே வந்ததும் நின்றுவிட்டாள். துணியை வாளியில் போட்டுவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அண்ணியின் கையை எடுத்துக்கொண்டாள்.

"அவர் மன்னிச்சாரோ இல்லையோ கண்ணு, நமக்குத் தெரியாமப் போச்சு. ஆனா ஆண்டவர் மன்னிப்பார். நீ கேளு, இப்பவே மன்னிப்பார். எவ்வளவு பெரிய பாவமா இருந்தாலும்."

அண்ணி அவளைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. புரியாததை ஒரு பெரியவளிடம் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"ஆண்டவருக்கு நான் ஒண்ணும் பண்ணலையேக்கா?"

   ஸ்தோத்திரக்கா அந்தக் கையை மெதுவாக அண்ணியின் மடியில் வைத்துவிட்டு, வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு மிச்சத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.